குளித்த நீர் எங்கே போகின்றது?

எமது கல்லூரியில் வெள்ளிக்கிழமை பிற்பகல்களிலே உயர்தர வகுப்பு மாணவர் மன்றம் கூடுவது நெடுநாள் வழக்கம். சென்ற தவணையில் ஒருநாள், "உல்லாசக் கப்பல்களின் வருகை வடபகுதிக்கு நன்மையே பயக்கும்" என்னும் பொருள் பற்றி விவாதம் நடைபெற்றது. பொருளைத் தெரிந்து கொடுத்தவன் நானே. 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைகளோடு நமது காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்ததல்லவா? அன்று பத்திரிகைகளில் வெளிவந்த படங்களை நான் கத்தரித்து வைத்திருந்தேன். மாடிமேல் மாடியாக அடுக்கிய வெள்ளை மாளிகையொன்று நமது பழைய கடலிலே மிதந்து நின்ற காட்சி எவர் மனத்தையுந்தான் கவரும். போர்க் காலத்திலே பொதுமக்கள் கால் வைக்க முடியாதிருந்த துறை அது என்பதை எண்ணும்போது கண் கலங்கியவர்களும் உண்டு.

விவாதம் எதிர்பார்த்தபடியே நடந்தது. ஆதரித்தவர்கள் அந்நியச் செலாவணி என்றார்கள். எதிர்த்தவர்கள் பண்பாட்டுச் சீரழிவு என்றார்கள். இரு பகுதியாரும் முதல்நாள் இரவு மனனஞ் செய்ததைத் தவறாமல் ஒப்புவித்தார்கள். நானும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கடைசி வாங்கிலிருந்து மாணவனொருவன் எழுந்து நின்றான். மயிலிட்டியைச் சேர்ந்தவன், தகப்பனார் கடற்றொழிலாளர். அவன் விவாதத்தில் எப்பகுதிக்கும் பெயர் கொடுத்தவனல்லன்.

"சேர், அந்தக் கப்பலிலை ரெண்டாயிரம் பேர் இருக்கினம் எண்டால், அவை குளிக்கிற தண்ணியெல்லாம் எங்கை போகும்?"

வகுப்புக் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அதற்கு விடை என்னிடம் இல்லை என்பது உறைத்தது. "அடுத்த கிழமை சொல்கிறேன்" என்று கூறி மன்றத்தைக் கலைத்தேன். ஆசிரியர்கள் காலங்காலமாகக் கைக்கொண்டு வரும் உபாயம் இது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை வீடு வரை தொடர்ந்து வந்தது. நமது குடாநாட்டிலே நீரின் அருமையை அறியாத வீடு இல்லை. கிணற்றிலே எத்தனை முழம் நீர் நிற்கிறது என்று பங்குனி பிறக்கு முன்பே எட்டிப் பார்க்கும் மக்கள் நாம். ஆகவே வாசகர்களுக்கு, விசேடமாக வீட்டு நிர்வாகத்தை நடத்தும் தாய்மாருக்கு, இந்தக் கணக்கு இலகுவிலே விளங்கும். ஐக்கிய அமெரிக்காவின் சூழல் பாதுகாப்பு முகாமை 2008 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உல்லாசக் கப்பலொன்றில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 250 லீற்றர் கழுவுநீர் உண்டாகின்றது. குளித்த நீர், துணி தோய்த்த நீர், சமையற்கட்டிலே பாத்திரம் கழுவிய நீர் யாவும் இதில் அடங்கும். மலசல கூடக் கழிவு இதற்குப் புறம்பானது. அது ஆளுக்கு முப்பது லீற்றர் அளவில் வரும். இரண்டாயிரம் பேரைக் கொண்ட கப்பலெனின் கழுவுநீர் மாத்திரம் நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் லீற்றர். கோடையிலே ஒழுங்கைகளுக்கு நீர் கொண்டுவரும் பவுசர் ஐயாயிரம் லீற்றர் கொள்ளுமெனின், நூறு பவுசர்கள் வரிசையாய் வந்து தினந்தோறும் கடலிலே கவிழ்ப்பதற்குச் சமம்.

அந்த நீர் எங்கே போகின்றது? பையன் சந்தேகித்த இடத்துக்குத்தான் போகின்றது.

இதற்குச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் 'மார்ப்போல்' என்னும் சர்வதேச உடன்படிக்கை 1973 இல் எழுதப்பட்டு 1978 இல் திருத்தப்பட்டது. பெரும்பாலான நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. மலசலக் கழிவை அரைத்துக் கிருமி நீக்கியபின் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் விடலாம். எதுவும் செய்யாத கழிவாயின் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது விடலாம் என்பது அதன் பொதுவிதி. குளித்த நீரைப் பற்றியோவெனின் அவ்வுடன்படிக்கை வாய் திறக்கவில்லை. அதைக் கட்டுப்படுத்துவதும் கட்டுப்படுத்தாது விடுவதும் அந்தந்த நாட்டின் பொறுப்பு. அலாஸ்கா மாநிலம்போலச் சில இடங்கள் தம் நீர்ப்பரப்புக்கென்று கடுமையான விதிகளை வகுத்துக்கொண்டன. ஏனைய இடங்கள் கடல் பெரிதென்று நம்பிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் இருந்தாலும் அதைக் காப்பவன் வேண்டுமே! இங்கே ஒரு கதை சொல்லவேண்டும். கற்பனையன்று, நீதிமன்றிலே ஒப்புக்கொள்ளப்பட்டது. 'கரீபியன் பிரின்செஸ்' என்பது அமெரிக்க உல்லாசக் கப்பல் நிறுவனமொன்றுக்குச் சொந்தமான பெருங்கப்பல். எந்தக் கப்பலிலும் இயந்திர அறையின் அடித்தட்டிலே எண்ணெய் கலந்த நீர் தேங்கும். அதைப் பொறியினால் பிரித்து, எண்ணெயை வைத்துக்கொண்டு நீரை மாத்திரமே கடலில் விடவேண்டும் என்பது விதி. அதற்குச் செலவுண்டு. அக்கப்பலின் பொறியியலாளர் சிலர் பிரிக்கும் பொறியைச் சுற்றிக்கொண்டு போகும் இரகசியக் குழாயொன்றைப் பொருத்தி, எண்ணெய் நீரை அப்படியே கடலுக்குள் செலுத்தி வந்தனர். கப்பலோட்டிகள் இதற்கு 'மாயக்குழாய்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். 2013 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் இவ்வாறு ஏறக்குறைய 16,000 லீற்றர் வெளியேற்றப்பட்டபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இளம் பொறியியலாளர் ஒருவர் அதைக் கண்டார். கண்டும் காணாதிருக்க அவரால் முடியவில்லை. சவுதாம்டன் துறையிலே கப்பலை விட்டு இறங்கி அதிகாரிகளிடம் முறையிட்டார். மேலாளர்கள் குழாயைக் கழற்றி ஒளித்து, கீழுள்ளோரைப் பொய் சொல்லவும் ஏவினர். ஆயினும் உண்மை வெளிவந்தது. 2005 ஆம் ஆண்டு முதலே அக்கப்பலில் இத்தகைய களவு நடந்து வந்தது என்பதும் தெரியவந்தது. 2016 டிசம்பரில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு கோடி டொலர் அபராதம் செலுத்த இணங்கியது. வேண்டுமென்றே கடலை மாசாக்கியதற்காக அதுவரை விதிக்கப்பட்ட அபராதங்களுள் அதுவே பெரிது. நன்னடத்தைக் காலத்திலாவது திருந்தினார்களா? நன்னடத்தை நிபந்தனைகளை மீறியதற்காகத் தாய் நிறுவனம் 2019 இல் மேலும் இரண்டு கோடி டொலர் செலுத்த நேர்ந்தது. உணவுக் கழிவோடு பிளாஸ்ரிக்கைக் கலந்து கடலிலே கொட்டியதும் அக்குற்றங்களுள் ஒன்று.

இதே பிரின்செஸ் நிறுவனந்தான் 2001 இல் அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்திலே, கரையிலிருந்து மின்சாரத்தைப் பெற்றுக் கப்பலின் இயந்திரங்களை நிறுத்தி வைக்கும் முறையை உல்லாசக் கப்பல்களுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கை கொடுக்கவும் செய்கிறது, களவெடுக்கவும் செய்கிறது. மனித சுபாவத்தை அறிந்த எவருக்கும் இது வியப்பன்று.

கரை மின்சாரத்தைப் பற்றிச் சொன்னதனால் புகையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. துறையிலே கட்டிய கப்பல் உறங்குவதில்லை. குளிரூட்டிகள், சமையற்கட்டுகள், விளக்குகள், நீச்சற் குளங்கள் யாவும் இயங்கவேண்டும். ஒரு சிறு நகருக்குப் போதுமான மின்சாரத்தை அது தன் இயந்திரங்களாலே ஆக்கிக்கொள்கிறது. அவற்றிலே எரிவது பெரும்பாலும் உலையெண்ணெய் போன்ற கடைத்தர எண்ணெய். 2020 வரை திறந்த கடலில் ஓடும் கப்பல்களின் எண்ணெயிலே நூற்றுக்கு மூன்றரை வீதம் கந்தகம் இருக்கலாம் என்று விதி இடங்கொடுத்தது. அவ்வாண்டு முதல் அது அரை வீதமாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பாவிலே மோட்டார் வாகனங்களுக்கு விற்கும் எண்ணெயில் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குதான் கந்தகம். 'போக்குவரத்தும் சூழலும்' என்னும் ஐரோப்பிய அமைப்பு 2019 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே நிறுவனக் கூட்டின் 47 உல்லாசக் கப்பல்கள் 2017 இல் ஐரோப்பியக் கரையோரங்களிலே வெளியிட்ட கந்தகவொட்சைட்டு, ஐரோப்பாவின் இருபத்தாறு கோடி மோட்டார் வாகனங்கள் வெளியிட்டதிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு. புதிய விதிக்குத் தப்பப் பல கப்பல்கள் புகைபோக்கியிலே நீரைத் தெளித்துக் கந்தகத்தைக் கழுவும் கருவிகளைப் பூட்டிக்கொண்டன. கழுவிய அமில நீர் எங்கே போகின்றது? மீண்டும் அதே கேள்வி. மீண்டும் அதே விடை. டென்மார்க்கும் சுவீடனும் 2025 ஜூலை முதல் தம் கரையோரக் கடலிலே அந்நீரை விடுவதைத் தடைசெய்தன.

இனி வெனிஸ் நகருக்கு வருவோம். இவ்விடயத்திலே உலகுக்கெல்லாம் பாடமாக நிற்பது அதுவே.

வெனிஸ் நகரம் கடலிலே இல்லை; கடனீரேரியிலே இருக்கின்றது. இந்த வேறுபாட்டை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை. பண்ணைப் பாலத்தைக் கடந்தவர் எவருக்கும் தெரியும். வெனிஸ் நீரேரியின் பரப்பு ஏறக்குறைய 550 சதுர கிலோமீற்றர். சராசரி ஆழம் ஒன்றரை மீற்றருக்கும் குறைவு. மூன்று வாய்களினூடாகக் கடல்நீர் உள்ளே வந்து திரும்பும். சேற்றுத் தரைகளும் உவர்ப் புற்றரைகளும் மீன் குஞ்சு வளரும் இடங்கள். அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண்களும் அவையே. நகரமோவெனில் சேற்றிலே அறைந்த எண்ணிறந்த மரக்குற்றிகளின் மீது ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்பது. அத்தகைய நகரின் நடுவே, குவிதெக்கா என்னும் கால்வாய் வழியாக, புனித மாற்குவின் சதுக்கத்துக்கு முன்னால், முந்நூறு மீற்றர் நீளமான கப்பல்கள் போய்வந்தன. நகரின் எந்த மாளிகையும் அவற்றுக்கு உயரம் போதாது. கப்பலின் மேற்றளத்திலே நின்றவர்கள் வீடுகளின் கூரைகளைக் குனிந்து பார்த்துப் படம் பிடித்தனர். வீட்டிலிருந்தோருக்கு யன்னலைத் திறந்தால் வானம் இல்லை.

பார்வைக்கு அழகற்றது என்பது மாத்திரம் குறையானால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆழமற்ற நீரிலே பெருங்கப்பலொன்று மெதுவாகச் சென்றாலும், தன் உடல் அடைக்கும் இடத்து நீரை முன்னும் பக்கமும் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். கப்பல் நெருங்கும்போது கரையோர நீர் சட்டெனத் தாழும். கடந்தபின் வேகமாய்த் திரும்பி வந்து மோதும். தாழ்ந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள சேற்றைக் கிளப்பிக்கொண்டு போகும். கிளம்பிய மண் கால்வாயிலே படிகிறது, அல்லது வற்றுநீரோடு கடலுக்குப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. எண்ணெய்க் கப்பல்களுக்காக 1960 களிலே வெட்டப்பட்ட மலமொக்கோ - மார்கெரா கால்வாயின் ஓரத்தை ஆராய்ந்தவர்கள், கப்பல் அலையினால் கரை ஆண்டுக்கு மூன்று நான்கு மீற்றர் வீதம் பின்வாங்கியதைக் கண்டார்கள். ஒரு தலைமுறைக் காலத்திலே நூறு மீற்றர் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

2013 இல் ஏறக்குறையப் பதினெட்டு இலட்சம் கப்பற் பிரயாணிகள் வெனிசுக்கு வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? காலையிலே இறங்கி, சதுக்கத்தைச் சுற்றி, புறாக்களோடு படம் எடுத்து, ஒரு குவளை கோப்பியைக் குடித்து, மாலையிலே கப்பலுக்கு மீண்டார்கள். படுக்கையும் போசனமும் கப்பலிலே முன்கூட்டியே காசு கொடுத்தவை. இத்தாலியர் இதைக் 'கடித்துவிட்டு ஓடுதல்' என்று சொல்லுகிறார்கள். 1951 இல் அப்பழைய நகரிலே ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் வாழ்ந்தனர். 2022 ஆகஸ்டிலே அத்தொகை ஐம்பதினாயிரத்துக்குக் கீழே இறங்கியது. இதற்குக் கப்பலே காரணம் என்று சொல்வது அநியாயம்; வாடகை ஏறியதும், வெள்ளம் அடிக்கடி புகுந்ததும், பிள்ளைகளுக்குத் தொழில் இல்லாததும் காரணங்களே. ஆனால் கறிக்கடை மூடிய இடத்திலே முகமூடிக் கடை திறந்தால், அயலவன் அடுத்த ஊருக்குக் குடிபெயராமல் என்ன செய்வான்?

2012 ஜனவரி 13 ஆம் நாள் இரவு, 'கொஸ்தா கொன்கோர்தியா' என்னும் இத்தாலிய உல்லாசக் கப்பல் ஜிலியோ என்னும் தீவின் கரைக்கு வேண்டாத அளவு நெருங்கிச் சென்று பாறையிலே மோதிச் சரிந்தது. முப்பத்திரண்டு பேர் மாண்டனர். தீவின் அருகே சென்றது தீவாருக்கு வணக்கம் தெரிவிக்கவாம்! இந்த விபத்து இத்தாலியரைத் திடுக்கிடச் செய்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் ஒரு கட்டளை பிறப்பித்தது: நாற்பதினாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிசின் குவிதெக்காக் கால்வாயிலே செல்லலாகாது. (இங்கே தொன் என்பது நிறையன்று, கப்பலின் உள்ளிடத்தின் அளவு என்பதை மாணவர்கள் கவனிக்க.) மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் கட்டளையின் வாலிலே ஒரு சிறு வாக்கியம் இருந்தது: மாற்று வழி ஏற்படும்வரை இத்தடை நடைமுறைக்கு வராது. மாற்று வழியைத் தேடிக் குழுக்கள் கூடின, கலைந்தன, மறுபடியும் கூடின. ஒன்பது ஆண்டுகள் கப்பல்கள் முன்போலவே சென்றன. சட்டத்தை ஆக்குவோர் வாலை எப்போதும் முதலில் வாசிப்பது நல்லது.

ஊரவர் சும்மா இருக்கவில்லை. 'பெருங்கப்பல்கள் வேண்டா' என்று சங்கம் அமைத்தனர். சிறு வள்ளங்களிலே ஏறிக் கால்வாயை மறித்தனர். 2017 ஜூனிலே தாமாகவே ஒரு வாக்கெடுப்பு நடத்தினர். ஏறக்குறையப் பதினெண்ணாயிரம் பேர் வாக்களித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வீதத்துக்கு மேல் கப்பல்கள் நீரேரிக்கு வெளியே நிற்கட்டும் என்றனர். சட்டப்படி அதற்குப் பெறுமதி இல்லை. 2019 ஜூன் 2 ஆம் நாள் காலை, 275 மீற்றர் நீளமான 'ஒப்பெரா' என்னும் கப்பல் இயந்திரக் கோளாறினால் நிறுத்த முடியாமல், ஊதுகுழல் அலற அலற வந்து துறைமேடையிலும் அங்கே கட்டியிருந்த சிறு பிரயாணிக் கப்பலிலும் மோதியது. நால்வர் காயமடைந்தனர். உயிர் போகாதது பெரும் புண்ணியம்.

ஈற்றில் 2021 இலே, வெனிசை அபாயத்துக்குள்ளான உலக மரபுரிமைகளின் பட்டியலிலே சேர்க்கலாமா என்று யுனெஸ்கோ சபை ஆலோசிக்கப் போகிறதென்ற செய்தி வந்தது. அப்போதுதான் அரசாங்கத்துக்கு அவசரம் பிறந்தது. ஜூலையில் கட்டளை, ஆகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து அமுல். இருபத்தையாயிரம் தொன்னுக்கு மேற்பட்டது, அல்லது 180 மீற்றருக்கு மேல் நீளமானது, அல்லது 35 மீற்றருக்கு மேல் உயரமானது எதுவும் புனித மாற்குவின் முன்னாலே செல்லலாகாது. தொழில் இழந்தோருக்கு நட்டஈடு கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. அடுத்த ஆண்டின் கணக்கைப் பார்த்தபோது, வெனிசிலே உல்லாசக் கப்பல்களின் கந்தகப் புகை 2019 இல் இருந்ததிலும் நூற்றுக்கு எண்பது வீதம் குறைந்திருந்தது. ஆனால் கப்பல்கள் எங்கே போயின? சில திரியெஸ்தேக்கும் ரவென்னாவுக்கும் போயின. சில, முன்னே சொன்ன அந்த எண்ணெய்க் கப்பற் கால்வாயின் வழியே மார்கெராவுக்கு வந்தன. அது அதே நீரேரிதான். கரை பின்வாங்கும் அதே கால்வாய்தான். முன்வாசலால் வராதே என்றால் கோடியால் வருகிறேன் என்ற கதை.

முருகைக் கற்களின் நிலையையும் ஒரு வார்த்தையிலே சொல்லிவிடுகிறேன். கிராண்ட் கேமன் தீவிலே ஒரே கப்பல் ஒரே நாள் நங்கூரமிட்டதனால் மூவாயிரம் சதுர மீற்றருக்கு மேற்பட்ட முருகைப் பார் அழிந்ததாக 1988 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. நமது கணக்கிலே பன்னிரண்டு பரப்புக் காணி. கப்பல் பெரிதாயிருக்க வேண்டும் என்பதுமில்லை. 2017 மார்ச்சிலே இந்தோனேசியாவின் ராஜா அம்பாத் தீவுகளிலே பறவை பார்க்க நூறு பேரளவில் ஏற்றிச் சென்ற 4,290 தொன் கப்பலொன்று, வற்றுநீரிலே முருகைப் பாரின் மேலே ஏறிவிட்டது. நீர் பெருகும்வரை பொறுக்காமல் இழுவைக் கப்பலைக் கொண்டு இழுத்தார்கள். அழிந்தது எழுபது பரப்புக்கும் மேல். ஆண்டுக்கு ஓரிரு சதம மீற்றர் வளரும் கல் மீண்டும் எழும்ப எத்தனை தலைமுறை வேண்டும்! கேமன் தீவார், கப்பல்கள் அணைந்து நிற்கப் பெரிய துறைமேடை கட்டுவதா என்று 2025 ஏப்ரில் 30 இல் வாக்களித்து, வேண்டா என்று முடிவு செய்தார்கள்.

எல்லா ஊரும் அப்படித் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஜூனோ சாட்சி. அலாஸ்காவின் தலைநகரான அவ்வூருக்குத் தரைவழித் தெரு கிடையாது. கடலாலோ வானாலோதான் போகலாம். முப்பத்தீராயிரம் பேர் வாழும் ஊருக்கு 2023 இல் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலால் வந்திறங்கினர். நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்களுக்கு மேல் வருவதில்லை என்று நிறுவனங்களோடு பேசி 2024 முதல் ஒழுங்கு செய்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரிலே, சனிக்கிழமைகளிலே பெருங்கப்பலே வேண்டாம் என்ற பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தபோது ஊரவர் அதைத் தோற்கடித்தனர். சனிக்கிழமை வருமானத்திலே பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் பலர் அவ்வூரில் இருந்தார்கள் போலும். அவர்களை நான் குறை கூறமாட்டேன்.

நமது கதைக்குத் திரும்புவோம். காங்கேசன்துறைக்கு வந்த 'எம்பிரஸ்' 1990 இல் கட்டப்பட்டது. அளவு நாற்பத்தெண்ணாயிரம் தொன்னுக்கு மேல். வெனிஸ் இன்று தன் முற்றத்திலே அனுமதிக்கும் எல்லையின் ஏறக்குறைய இரு மடங்கு. உலகப் பெருங்கப்பல்களோடு ஒப்பிட்டால் அது குழந்தை. 2024 இல் ஓடத் தொடங்கிய 'ஐக்கன் ஒவ் த சீஸ்' இரண்டு இலட்சத்து நாற்பத்தெண்ணாயிரம் தொன். ஆயினும் நமது வடகரை வெனிசைப்போலப் பணக்காரக் கரையன்று. அங்கே முருகைப் பாரும் சிறு மீனும் உண்டு. அவற்றை நம்பிச் சிறு வள்ளக்காரர் உண்டு. மயிலிட்டி மக்கள் 1990 இல் எழும்பிப் போய், 2017 இலேதான் தம் துறைக்குத் திரும்ப வழி பிறந்தது. திரும்பி வந்து பார்த்தால் இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் மேலே இன்னொன்று வருமெனின், அதைப் பற்றி முதலிலே கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்களே.

தொழிற்றுறையின் நன்மையை அனுபவித்து, அதன் கழிவைப் பிறகு எண்ணிப் பார்ப்பது காங்கேசன்துறைக்குப் புதிதன்று. 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை நாற்பது ஆண்டு பலருக்குச் சோறு போட்டது. என் தாய்மாமன் ஒருவரும் அங்கேதான் வேலை பார்த்தார். அவர் சட்டையை உதறினால் தூள் பறக்கும். சுண்ணக்கல் தோண்டிய கிடங்குகள் இன்றும் வாய் பிளந்து கிடக்கின்றன. கொழும்புக்கு அப்பால் 2021 மே மாதத்திலே தீப்பற்றிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' சரக்குக் கப்பலின் பிளாஸ்ரிக் குறுணிகளைக் கடற்கரை மணலிலிருந்து அரித்தெடுத்தவர்களுக்கும் இது புரியும். 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் உண்டு. கடல் சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும் உண்டு. கப்பல் வருமுன் அதன் கழிவுத் தொட்டி எத்தனை நாளைக்குப் போதும், எண்ணெயிலே கந்தகம் எவ்வளவு, நங்கூரம் எந்தத் தரையிலே விழும், குப்பையைக் கரையிலே ஏற்பவர் யார் என்னும் நான்கு கேள்விகளை எழுத்திலே கேட்டு எழுத்திலே பதில் பெற அதிகச் செலவாகாது. அந்தப் பதிலைத் துறைமுக வாசலிலே ஒரு பலகையில் ஒட்டிவைக்கவும் ஆணி நான்கு போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்திலே இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். மாயக்குழாய்க் கதை மாணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. முறையிட்ட பொறியியலாளருக்கு என்ன கிடைத்தது என்று ஒருவன் கேட்டான். நீதிமன்று அவருக்குப் பத்து இலட்சம் டொலர் சன்மானம் அளித்தது என்றேன். வகுப்பிலே பலர் அக்கணமே பொறியியலாளராவதென்று தீர்மானித்துவிட்டார்கள்.

பின்னர் வாக்கெடுப்பு. கப்பல் வருவதை எதிர்த்துப் பதினேழு பேர் கை உயர்த்தினர். ஆதரித்துப் பதினான்கு. அந்தப் பதினான்கிலே மயிலிட்டிப் பையனின் கையும் இருந்தது. எனக்கு ஆச்சரியமாய்ப் போயிற்று. மணி அடித்தபின் அவனை அழைத்து, "நீதானே தம்பி இந்தக் கேள்வியைக் கிளப்பினாய்? பிறகு ஏன் ஆதரித்தாய்?" என்று கேட்டேன்.

அவன் புத்தகங்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அண்ணா துறைமுகத்திலை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார், சேர்."